மொராண்டியின் தனிமையும் அந்தப் பாட்டில்களும்

உங்கள் கேள்வியை அப்படியே எடுத்து எழுதிக்கொள்கிறேன்: “ஜார்ஜியோ மொராண்டி என்ற இத்தாலிய ஓவியர் கல்யாணம் செய்துகொள்ளாமல், ஊரைவிட்டு வெளியே போகாமல், ஒரே அறையில் அடைந்து கிடந்து சாகும்வரை அதே பாட்டில்களையும் கிண்ணங்களையும் வரைந்தாராம். இது ஒருவகை மனநோய் இல்லையா? இவரை எப்படிப் பெரிய ஓவியர் என்கிறார்கள்? பார்ப்பதென்றால் எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?” இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். மனநோய் என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால், நீங்கள் கேட்பது எனக்கு இப்படித்தான் படுகிறது: அந்த மனிதர் உலகத்துக்குப் பயந்து அறைக்குள் ஒளிந்தாரா, அப்படி ஒளிந்தவரின் படத்தில் நமக்கு என்ன இருக்கப்போகிறது? நியாயமான கேள்விதான். படிக்கிற காலத்தில் எனக்கும் இருந்தது.

நான் யார், எதுவரை பேசலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைக் கல்லூரியில் எச்சிங் படித்தவன்; உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, காகிதத்தில் அச்செடுக்கும் கலை அது. இருபத்தைந்து வருடமாகத் தகட்டில் கீறுவதும் கீறக் கற்றுக்கொடுப்பதும்தான் தொழில். மொராண்டியின் ஊரான பொலோன்யாவுக்கு இரண்டு முறை போய் அவர் படங்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே அவருடைய அச்சு வேலையைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். எண்ணெய் ஓவியங்களின் நிறத்தைப் பற்றி, நேரில் பார்த்தவற்றை வைத்து மட்டும்தான் பேசுவேன்; அவருடைய சாம்பல் நிறங்கள் புத்தகத்தில் ஒரு மாதிரியும் திரையில் வேறு மாதிரியும் தெரியும். மனநோயைப் பற்றி முடிவு சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் எழுதியதில் நான் படித்தவரை, அப்படி நினைக்க வைக்கிற எதையும் பார்த்ததில்லை.

சந்தேகமில்லாத விஷயங்களை முதலில் சொல்கிறேன். மொராண்டி பிறந்தது 1890 ஜூலை 20, பொலோன்யாவில். இறந்தது 1964 ஜூன் 18, அதே ஊரில். அப்பா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பையனும் 1906-இல் கொஞ்சநாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தான், சரிவரவில்லை. அடுத்த வருடமே ஊரிலுள்ள கலை அகாதமியில் சேர்ந்தான். 1909-இல் அப்பா இறந்துவிட்டார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அம்மா, அன்னா, தீனா, மரியா தெரேசா என்ற மூன்று தங்கைகள் கொண்ட குடும்பத்துக்கு மூத்த ஆண்பிள்ளையாக நிற்க வேண்டி வந்தது. மறுவருடம் குடும்பம் வியா ஃபொன்தாட்சா என்ற தெருவில் 36-ஆம் எண் கட்டடத்துக்குக் குடிபோனது. சாகும்வரை அதுதான் அவர் முகவரி. அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கைகளும் செய்துகொள்ளவில்லை. அம்மா 1950-இல் காலமானார்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அப்பா போன பிறகு, அம்மாவோடும் தங்கைகளோடும் கடைசிவரை ஒரே வீட்டில் இருந்துவிட்ட அண்ணன்களை நாம் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து எழுதியவர்களுக்கு இது விநோதமாகத் தெரிந்தது. துறவி, பாதிரியார் என்றெல்லாம் எழுதிவிட்டார்கள். அவர் படுத்ததும் வரைந்ததும் ஒரே சின்ன அறையில். ஒற்றைக் கட்டில், படத்தை நிறுத்தி வரைகிற மரச்சட்டம், மேசைகள், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே முற்றம். அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் தங்கைகளின் அறையைக் கடந்துதான் போக வேண்டும். நான்கைந்து பேர் வாழும் வீட்டின் நடுவே, சமையல் வாசனையும் பேச்சுச் சத்தமும் வருகிற இடத்தில் இருந்தவரை எப்படி ஆளில்லாத் தனிமையில் வாழ்ந்தவர் என்று சொல்வது?

ஊரைவிட்டுப் போகவில்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பாரிஸுக்கு அவர் போனதே இல்லை. அந்தத் தலைமுறை ஓவியர்களில் அது ஆச்சரியமான விஷயம். அறுபதைக் கடந்த பிறகு, 1956-இல்தான், முதன்முறையாக இத்தாலியின் எல்லையைத் தாண்டினார். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரில் நடந்த தன் கண்காட்சிக்காக. ஆனால் இத்தாலிக்குள் நன்றாகவே சுற்றியிருக்கிறார். 1910-இல் ஃபிளாரன்ஸ் போய் ஜோத்தோ, மசாச்சியோ, உச்செல்லோ ஆகிய பழைய இத்தாலிய மேதைகளின் படங்களைப் பார்த்தார். அதே வருடம் வெனிஸ் பியெனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் படங்களைப் பார்த்தார். 1914-இல், வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய ஃபியூச்சரிஸ்டு ஓவியர்களோடு சேர்ந்து படம் வைத்தார். 1918 வாக்கில், கனவுபோன்ற காட்சிகளை வரைந்த இத்தாலிய ஓவியர்கள் தெ கீரிக்கோ, கார்ரா ஆகியோரின் வழியில் கொஞ்சகாலம் போனார். அப்போதைய படங்களில் பொம்மைத் தலைகளும் உருண்டைகளும் பெட்டிகளும் கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். காலத்தின் எல்லா அலைகளும் அவர் வாசலுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் காலை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

வேலையும் பார்த்தார். 1914 முதல் 1929 வரை ஆரம்பப் பள்ளிகளில் சித்திர வாத்தியார். 1930-இல் தான் படித்த அகாதமியிலேயே எச்சிங் பேராசிரியர். போட்டித்தேர்வு எழுதாமல், பெயரை மதித்துக் கொடுத்த பதவி. 1956 வரை அதில் இருந்தார். 1948 வெனிஸ் பியெனாலேயை நடத்திய குழுவில் ஓர் உறுப்பினர். அந்த வருடமே இத்தாலிய ஓவியர்களுக்கான பரிசும் அவருக்குக் கிடைத்தது. 1953-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ பியெனாலேயில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு, 1957-இல் அங்கேயே ஓவியத்துக்கான பெரும் பரிசு. கலை வரலாற்று அறிஞர் ரொபெர்தோ லோங்கி 1934-இலேயே, பொலோன்யா பல்கலைக்கழகத்தில் தன் முதல் உரையில், இன்று உயிரோடிருக்கும் சிறந்த இத்தாலிய ஓவியர்களில் ஒருவர் என்று இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டார். இப்படி மாலை மரியாதைகள் வந்த ஒருவரை, யாரும் அறியாமல் மூலையில் கிடந்தவர் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஆர்க்காஞ்சலி விவகாரம். ஃபிரான்செஸ்கோ ஆர்க்காஞ்சலி அதே ஊர்க்காரர், லோங்கியின் மாணவர், மொராண்டியை ஆழமாக நேசித்த விமர்சகர். வருடக்கணக்கில் உழைத்து மொராண்டியைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் படித்த மொராண்டி ஒத்துக்கொள்ளவில்லை. தன்னை இருபதாம் நூற்றாண்டின் பிற்காலப் போக்குகளோடு அந்த நூல் முடிச்சுப் போட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. நெடுநாள் நட்பு அதோடு முறிந்தது. புகழைப் பற்றிக் கவலையே படாத துறவி இதைச் செய்யமாட்டார். தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது, எந்தப் படம் யாரிடம் போகிறது, ஆரம்பகாலப் படங்களில் எவை மிஞ்சலாம், எவை அழிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முக்கியம். இளமைக்காலப் படங்கள் பலவற்றை அவரே அழித்தார். அவரிடம் படித்து உதவியாளராகவும் இருந்த ஜேனட் ஆப்ரமோவிச் பிற்காலத்தில் எழுதியபோது, இந்தத் துறவிக் கதையைத்தான் முதலில் உடைத்தார்.

அரசியலையும் விடாமல் சொல்லிவிட வேண்டும். 1928-இல் பொலோன்யாவின் ஃபாசிஸ்ட் பத்திரிகை ஒன்றில் தன்னைப் பற்றி எழுதிய சிறு குறிப்பில், தொடக்கம் முதலே ஃபாசிசத்தில் தனக்கு நம்பிக்கை இருந்ததாக மொராண்டி எழுதியிருக்கிறார். இது அச்சில் இருக்கிறது, மறுக்க முடியாது. அவரைத் தூக்கிப் பிடித்த மக்காரி, லோங்கனேசி போன்ற நண்பர்களும் அந்தக் கட்சியின் கிராமியப் பெருமை பேசிய அணியைச் சேர்ந்தவர்கள். 1943-இல் நிலைமை தலைகீழ்: கலை விமர்சகர் ராகியாந்தி முதலிய ஃபாசிச எதிர்ப்பாளர்களோடு பழகினார் என்று போலீஸ் அவரைப் பிடித்துப்போய்ச் சில நாட்கள் சிறையில் வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் மனம் எப்போது, எவ்வளவு மாறியது என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. 1928-இல் எழுதியது வேலைக்காகச் சொன்ன வார்த்தை என்பவர்கள் உண்டு; உண்மையாகவே நம்பினார் என்பவர்களும் உண்டு. அது வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாட்டில்களை வரைந்தார், ஆகவே அரசியலுக்கு வெளியே இருந்தார் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கைதுக்குப் பிறகு குடும்பத்தோடு கிரிட்சானா என்ற மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். பொலோன்யாவுக்குத் தெற்கே, அப்பெனின் மலைத்தொடரில் இருக்கிறது. 1913 முதல் கோடையில் போய்வந்த இடம்தான். போர் அங்கேயும் துரத்தி வந்தது. 1944-இல் அவர் நகரத்துக்குத் திரும்பினார். அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்திலுள்ள மோன்டே சோலே மலைக் கிராமங்களில் ஜெர்மன் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றார்கள். 1943-இல் அவர் வரைந்த நிலக்காட்சிகளில் ஆட்கள் இல்லை. வீடுகளின் சுவர்கள் மட்டும் நிற்கும்; சிலவற்றில் கதவோ ஜன்னலோகூடக் கண்ணில் படாது. இது போரின் பயமா என்று கேட்பீர்கள். அதற்கு முன்பும் அவர் நிலக்காட்சிகளில் ஆட்கள் கிடையாது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெற்றுச் சுவர்களைப் பார்த்தபோது என் மனம் கலங்கியது. அந்த ஊர் 1985-இல் தன் பெயரையே கிரிட்சானா மொராண்டி என்று மாற்றிக்கொண்டது.

சரி, பாட்டில்களுக்கு வருவோம். சுமார் 1,350 எண்ணெய் ஓவியங்கள், 130-க்கும் மேற்பட்ட எச்சிங்குகள், அவை போக வாட்டர் கலர், கோட்டுச் சித்திரங்கள். பூக்கள், நிலக்காட்சிகள், தன் முகத்தை வரைந்த சில படங்கள் தவிர, பெரும்பகுதி மேசைமேல் வைத்த பொருட்கள்தான். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ‘நத்தூரா மோர்த்தா’. நாம் ஸ்டில் லைஃப் என்பதற்கு இத்தாலியில் அதுதான் பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இறந்த இயற்கை’. தலைப்பை வைத்து எந்தப் படம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் லம்பெர்த்தோ விதாலி தொகுத்த பட்டியலின் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். படங்கள் சின்னவை. பல, ஒரு பத்திரிகையை விரித்துவைத்த அளவுகூட வராது.

அந்தப் பொருட்களை அவர் கண்ணில் பட்டபடி எடுத்து வைத்துவிடவில்லை. இது பலருக்குத் தெரியாது. பழைய சாமான் கடைகளில் வாங்கிய பாட்டில்களின் லேபிளை உரித்தார். கண்ணாடியின் பளபளப்பு போவதற்காகச் சிலவற்றின் உள்ளே நிறத்தை ஊற்றிச் சுற்றினார். சிலவற்றின் வெளிப்பக்கம் மங்கல் பெயின்ட் பூசினார். டப்பாக்களுக்கும் அப்படியே, ஓவல்டின் டப்பாவின் எழுத்து மறைந்து வெறும் உருளை ஆனது. பொருட்கள்மேல் தூசி படிந்திருந்ததை அறைக்கு வந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தூசியை வேண்டுமென்றே வளர்த்தார் என்று சொல்லப்படுவதுண்டு. பெயின்ட் பூசியது நிச்சயம். தூசியை விட்டுவைத்ததும் அதே காரணத்துக்காக இருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான்: கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தின் மினுமினுப்பைக் கொன்றுவிட்டு, வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் மிச்சம் வைப்பது.

பொலோன்யாவில் அவர் வீட்டை இப்போது பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே நான் அதிக நேரம் நின்றது மேசையில் விரிக்கிற காகிதத்தின் முன்னால்தான். பொருட்களை அடுக்கிய பிறகு ஒவ்வொன்றின் அடியையும் சுற்றிப் பென்சிலால் வட்டமோ சதுரமோ போட்டுவைப்பார், அது நகர்ந்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைப்பதற்கு. ஒரே காகிதத்தில் பல படங்களுக்கான அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. ஒரு வட்டத்துக்கு அரை விரற்கடை தள்ளி இன்னொரு வட்டம், அதற்கும் ஒரு நூல் தள்ளி மற்றொன்று. தச்சாசாரி பலகையில் போடுகிற குறிகள் மாதிரி இருந்தது. ‘அதே பாட்டிலைத் திரும்ப வரைந்தார்’ என்கிறோமே, அவர் உண்மையில் நகர்த்திப் பார்த்தது அந்த ஒரு நூல் இடைவெளியை. அவர் மேசைகளின் உயரமும் வேறு வேறு. ஒன்றில் வைத்தால் பொருளைக் கண்மட்டத்தில் பார்ப்பார், இன்னொன்றில் வைத்தால் மேலிருந்து.

அந்த ஒரு நூல் நகர்ந்தால் என்ன ஆகிவிடும் என்பதற்கு, அவருடைய 1950-களின் படங்களில் அடிக்கடி வருகிற ஓர் அமைப்பைச் சொல்கிறேன். நான்கைந்து பொருட்களை நெருக்கி, கும்பலாக, மேசை நடுவில் வைத்திருப்பார். முன்வரிசையில் இரண்டு மூன்று பெட்டிகள், பின்னால் அந்தப் பிரபலமான வரிகொண்ட வெள்ளை பாட்டில். பெட்டியின் மேல்விளிம்பும், பின்னால் தெரியும் மேசையின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து சேரும். அப்படிச் சேர்ந்த இடத்தில் எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும். இரண்டு பெட்டிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நடுவே ஒரு நிழல்கோடு இருக்கும்; உற்றுப் பார்த்தால் அது நிழலா, பின்னாலிருக்கும் மூன்றாவது பொருளின் துண்டா என்று தெரியாது. வெள்ளை என்று நாம் நினைப்பது வெள்ளையே இல்லை. கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் காவி கலந்த, ஆறிப்போன பால் நிறம். பக்கத்திலிருக்கும் சாம்பல்தான் அதை வெள்ளையாக்குகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் பொருட்கள் கற்தூண்கள்போல உறுதியாக நிற்கும். கிட்டே போனால் விளிம்புகள் நடுங்கும், தூரிகை ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போயிருப்பது தெரியும். நான் முன்னும் பின்னுமாகப் போய்வந்து கால்மணி நேரம் ஒரே படத்தில் நின்றிருக்கிறேன். காவலுக்கு இருந்த அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இனி என் தொழில். மொராண்டிக்கு எச்சிங்கை ஒருவரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய கையேடுகளையும் ரெம்பிராண்ட் முதலியோரின் அச்சுகளையும் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். தெரியாதவர்களுக்காக: செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் அதைக் கீறி, தகட்டை அமிலத்தில் போட வேண்டும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். பிறகு பூச்சை எடுத்துவிட்டு, பள்ளங்களில் மை ஏற்றி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரக்காகிதம் வைத்து பிரஸ்ஸில் ஓட்ட வேண்டும். இதில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கறுப்புக் கோடு இருக்கிறது, வெள்ளைக் காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான். சாம்பல் வேண்டுமென்றால் அக்வாடின்ட் என்று ஒரு முறை இருக்கிறது. பிசின் தூளைத் தூவி மழுப்பலாகச் சாயை கொண்டுவரலாம். மொராண்டி பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவில்லை. வெறும் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியே எல்லாச் சாயைகளையும் கொண்டுவந்தார்.

இது எவ்வளவு கடினம் என்பது தகட்டைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். கோடுகள் கொஞ்சம் நெருங்கிவிட்டால் நடுவிலுள்ள பூச்சு பெயர்ந்துபோகும். அந்த இடம் முழுக்க அமிலம் தின்று அழுக்குத் திட்டாகிவிடும். கொஞ்சம் விலகினால் சாயை வராது, வலை மாதிரித் தெரியும். 1931-இல் அவர் செய்த ஒரு எச்சிங் இருக்கிறது. ‘பெருங்கோடுகளில் ஸ்டில் லைஃப்’ என்று அதைச் சொல்வார்கள். அதில் கோடுகள் தடித்தவை, வெளிப்படையானவை. எந்தக் கோடும் ஒரு பொருளின் விளிம்பை இழுத்துக் காட்டவில்லை. பின்னணியின் பின்னல் ஓரிடத்தில் நின்றுவிடும், அங்கே பாட்டில் தொடங்கிவிடும். பாட்டிலின் வெளிச்சமான பக்கம் ஊசி படாத வெறும் காகிதம். மாணவர்களிடம் இதைக் காட்டும்போது, பாட்டிலை எங்கே வரைந்திருக்கிறார் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். வைப்பார்கள், அப்புறம் எடுத்துவிடுவார்கள். சுற்றியுள்ளதைத்தான் அவர் வரைந்திருக்கிறார்.

என் பார்வையில் அவருடைய ஓவியத்துக்குச் சாவி இந்த எச்சிங்குகள்தான். 1920-களின் கடைசியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் தகட்டோடு அதிகம் இருந்தார். இரண்டு பொருட்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்துக்கும் அந்தப் பொருளுக்குச் சமமான கனம் உண்டு என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். பிற்கால எண்ணெய் ஓவியங்களிலும், கடைசி வருடங்களின் வாட்டர் கலரிலும் அதுதான் நடக்கிறது. வாட்டர் கலரில் சில சமயம் பொருளை வரையாமல் விட்டு, நிழலை மட்டும் இட்டிருப்பார். எச்சிங்தான் சாவி என்பது என் ஊகம். எண்ணெய் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர் பிரெஞ்சு ஓவியர் செசானிடமிருந்து தொடங்குவார், அதுவும் சரியே. இளைஞர் மொராண்டி செசானை முதலில் அறிந்தது புத்தகத்தில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வழியாக. நிறமே இல்லாத செசானைப் பார்த்து வளர்ந்த கண் அது. பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா, ஷார்தான், கோரோ ஆகிய முந்தைய ஓவியர்களையும் அவர் மிகவும் மதித்தார்.

அவர் பிடிவாதத்துக்கு ஒரு சம்பவம். லூயிஜி மன்யானி என்ற இசை அறிஞர், பணக்காரர், மொராண்டியின் படங்களை விரும்பிச் சேர்த்தவர். இசைக்கருவிகளை வைத்து ஒரு படம் வரைந்து தரும்படி கேட்டார். விலையுயர்ந்த பழங்காலக் கருவியையே கொண்டுவந்து கொடுத்தார். மொராண்டிக்கோ சொல்லி வரைவது பழக்கமில்லை, மறுக்கவும் மனமில்லை. 1941-இல் படத்தை முடித்துக் கொடுத்தபோது அதில் மன்யானியின் அருமையான கருவி இல்லை. சந்தையில் மலிவாகக் கிடைத்த மாண்டலினும் கிடாரும் பொம்மை ஊதுகுழலும் இருந்தன. பார்மாவுக்குப் பக்கத்தில் மன்யானியின் மாளிகையில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அழகு ஏற்கெனவே முடிந்துபோன பொருளில் தனக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

அந்த பாட்டில்களுக்கு வேறு அர்த்தம் உண்டா? பொலோன்யாவின் உயரமான இடைக்காலக் கோபுரங்கள் என்பார்கள். ஒட்டி நிற்கும் பொருட்கள் அம்மாவும் தங்கைகளும் என்பார்கள். தேவாலயத்தில் கூடிநிற்கும் புனிதர்கள் என்பவர்களும் உண்டு. தெருவெல்லாம் தூண்வரிசை நிழலும் காவிச் சுவர்களுமாக இருக்கும் பொலோன்யாவில் நடந்தால், அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பது புரிகிறது, அதுவரை ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் போவதற்கு அவர் வாயிலிருந்து ஆதாரம் இல்லை. அவர் சொன்னது இதற்கு நேர் எதிர்: கண்ணால் பார்க்கிற உலகத்தைவிட அருவமானது ஒன்றுமில்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இயற்கை என்னும் நூல் வடிவியலின் எழுத்துக்களில் எழுதப்பட்டது என்ற கலிலியோவின் கருத்தை விரும்பி மேற்கோள் காட்டினார். சம்பவங்கள் இல்லாத வாழ்க்கை அமைந்தது தன் அதிர்ஷ்டம் என்ற பொருளில் 1958-இல் ஒரு நேர்காணலில் பேசினார். நீங்கள் கேட்ட தனிமைக்கு அவரே கொடுத்த விளக்கமாக இதை வைத்துக்கொள்ளலாம். வேலைக்குத் தேவையான அமைதியை அவர் வரப்புக் கட்டிக் காப்பாற்றினார். வரப்புக்கு வெளியே பாடம் நடத்தினார், குழுவில் உட்கார்ந்தார், கடிதம் எழுதினார், நண்பரோடு மனஸ்தாபமும் கொண்டார்.

எங்கிருந்து தொடங்குவது? ஒற்றைப் படத்தைப் பார்க்காதீர்கள். ஒரே வருடத்தில், ஒரே பொருட்களை வைத்து வரைந்த மூன்று படங்களைத் தேடி எடுத்து அக்கம்பக்கமாக வையுங்கள். 1950-களில் அப்படி நிறையக் கிடைக்கும். பொருட்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள். அடுத்து 1931-இன் அந்த எச்சிங். நிறம் இல்லாததால் அது அச்சிலும் திரையிலும் அதிகம் கெடாது. எண்ணெய் ஓவியத்துக்கு நேரில் போவதுதான் ஒரே வழி. பொலோன்யாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1993-இல் திறந்தது. கடைசித் தங்கை மரியா தெரேசா கொடுத்த படங்கள்தான் அதற்கு அடித்தளம். 2012 முதல் அது நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அங்கே பார்த்த பிறகு வியா ஃபொன்தாட்சா வீட்டுக்கு நடந்து போங்கள். முதலில் வீட்டுக்குப் போனால் பழைய பாட்டில்களும் டப்பாக்களும்தான் தெரியும். படங்களைப் பார்த்துவிட்டுப் போனதால் என்னால் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது: இது வரிபோட்ட வெள்ளை பாட்டில், இது நீளக் கழுத்து, அதோ அந்தத் தகரப் புனல்.